இலை கருகக் கூடாது

சோளப்பொரி வாசம். மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில் சினிமாத் தியேட்டரின் கண்ணாடிக் கதவு திறக்கிறபோதெல்லாம் அது தெருவுக்கு வந்துவிடுகிறது. வெண்ணெயும் உப்பும் சூடும் கலந்த வாசம், கொஞ்சம் கவனம் தப்பினால் கருகிப்போவேன் என்கிற மிரட்டலோடு. பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் அதை மோந்துகொண்டே உள்ளே போகிறார்கள். நான் நடைபாதையில் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். கேட்கட்டும். இந்த வாசத்துக்குள் எனக்கு ஒரு மனுசி இருக்கிறார். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "உள்ள போகுது" என்று கையால் சைகை காட்டுகிறார்.

சரியான அளவு சூடேறிய கஞ்சா இப்படித்தான் மணக்கும். இதைப் படிக்கிற பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன். சூடேறினால் சோளப்பொரி. நெருப்புப் பிடித்தால் ஈரக் குப்பையைக் கொளுத்திய நாற்றம், அது திரைச்சீலைக்குள் போய் இருந்துகொண்டு மாதக்கணக்கில் வெளியே வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சளவு இடம்தான். இரண்டாயிரத்துப் பதினொன்றின் இலையுதிர் காலமும் குளிர் காலமும் நாங்கள் அந்த ஒரு மூச்சளவு இடத்துக்குள் குடியிருந்தோம்.

கஞ்சா என்ற சொல்லை எழுதிவிட்டேன். கூச்சப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்தலாம். சட்டப்படி அது குற்றம், தெரிந்துதான் செய்தோம். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. தன் கணவரை இழந்த பிறகு எங்களோடு வந்து இருந்தார். ஒரே மகள் சிட்னியில், பென்டில் ஹில்லில், முதற்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். பல வருடமாக ஒரே குசினியில் இரண்டு பெண்கள் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்கவேண்டாம். உப்புக்குச் சண்டை, புளிக்குச் சண்டை, தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்பதற்கும் சண்டை. சமையலில் அவர் பெரிய ராணி. கறித்தூள் வறுக்கிற நாளில் வீட்டுக்குள் யாரும் பேசக்கூடாது, கவனம் சிதறினால் மல்லி கருகிவிடும் என்பார். தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறபோதே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு மச்சாள் அடுப்படியில் நிற்கிறார் என்று.

அந்த ராணிக்குத்தான் குடலில் வந்தது. எங்கள் சனம் அதன் பெயரைச் சொல்லாது. 'அந்த வருத்தம்' என்று சொல்லிக் குரலைத் தாழ்த்தும். மச்சாள் தாழ்த்தவில்லை. பார்க்க வந்தவர்களிடம் "எனக்குக் கான்சர், உங்களுக்குத் தேத்தண்ணியோ கோப்பியோ" என்று ஒரே மூச்சில் கேட்டார். வந்தவர்களின் முகத்தை அந்த நேரம் பார்த்திருக்க வேண்டும். வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். அருகம்புல் சாறு என்றார் ஒருவர். பப்பாசி இலை என்றார் மற்றவர். இன்னொருவர் போன பிறவியின் கணக்கு என்றார். அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

கீமோ ஏற்றத் தொடங்கியதும் சாப்பாடு நின்றது. வெறும் சோற்றின் ஆவி முகத்தில் பட்டாலே சத்தி, குடலைப் புரட்டுகிற வாந்தி. சத்தி நிற்கக் கொடுத்த குளிசையும் சத்தியோடு வெளியே வந்தது. நான் வெங்காயம் வதக்குவதை விட்டேன். கராஜுக்குள் சின்ன மின்சார அடுப்பு வைத்துச் சமைத்தேன், அந்த வாசம் கதவிடுக்கால் வந்தும் அவர் குளியலறைக்கு ஓடினார். சட்டைகள் தொங்கின. காப்பு கையை விட்டுக் கழன்றது. ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுவதற்கு முன்னர் ஆஸ்பத்திரியில் நிறை பார்ப்பார்கள். டொக்டர் நல்ல மனிதர், மழுப்பிப் பேசத் தெரியாதவர். இன்னும் நிறை இறங்கினால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், உடம்பு தாங்காது என்றார். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே விஷயம் சின்னது. மச்சாள் சாப்பிட வேண்டும். சாப்பிட்டது வயிற்றில் நிற்க வேண்டும். மகளின் பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழி இல்லை.

நான் அப்போது மல்கிரேவில், பல்வைத்தியர்களுக்கான சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கி அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை செய்தேன். எதிர் மேசையில் ஒரு வெள்ளைக்காரி. என் வயதுதான். முதுகில் கம்பி வைத்துத் தைத்தவள். குனியும்போது பல்லைக் கடிப்பாள், நிமிரும்போது ஒரு பகிடி விடுவாள். சாப்பாட்டு அறையில் ஒருநாள் நான் என் பெட்டியைத் திறக்காமலே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, என்ன என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த நாள் வேலை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பழைய சாப்பாட்டுப் பையை என் கையில் வைத்தாள். அவள் முதுகைக் காப்பாற்றிய சாமான் அதற்குள் இருந்தது. இரவல். உள்ளே ஒரு மூடிய போத்தலில் பச்சையாய்க் கொஞ்சம்.

"மச்சாளுக்கு முட்டு இருக்கு. புகை ஆகாது" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"புகை வந்தால் நீ பிழையாகச் செய்கிறாய் என்று அர்த்தம், லவ். எரிய விடாதே. அவ்வளவுதான்" என்றாள். நின்று விளக்க அவளுக்கு முதுகு இடம் கொடுக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டாள்.

புகை ஆகாது என்பது சும்மா சொல்லும் சொல் இல்லை. மச்சாளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, மூச்சிழுப்பு. கோயிலில் சாம்பிராணி போட்டால் வெளி வீதிக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் இறைச்சி சுட்டால் எங்கள் யன்னல்கள் மூடும். நீல நிற பம்ப் இல்லாமல் அவர் குளியலறைக்குக்கூடப் போனதில்லை. அவருடைய நெஞ்சுக்குள் ஒரு மிடறு புகை போனால், சாப்பிட வைக்கப் போன நான் மூச்சையும் நிறுத்தியவள் ஆவேன்.

அந்தச் சாமான் ஒரு சின்ன மரப்பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் மெல்லிய கம்பி வலை, மேலே கண்ணாடி மூடி. ஒரு பக்கம் பற்றரி தள்ளுகிற ஓட்டை. இன்னொரு பக்கம் உறிஞ்சுகிற குழாய். பற்றரியை உள்ளே தள்ளிப் பிடித்தால் வலை சூடாகும். இலையிலிருந்து ஆவி கிளம்பும், அதைத்தான் இழுக்க வேண்டும். பிடித்த பிடியை விடப் பிந்தினால் வலை சிவக்கும், இலை பொசுங்கும், புகை. மொட்டு என்பதுதான் சரி, நாங்கள் இலை என்றே சொன்னோம்.

பின்வளவில் துணி காயப்போடும், ஒற்றைக் கம்பத்தில் குடைபோல் விரிந்த கொடியில் படுக்கை விரிப்புகளைச் சுற்றிவரத் தொங்கவிட்டேன். அந்த வெள்ளைச் சுவர்களுக்குள் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள். பகல் நேரம். இவர், என் கணவர், வேலையில். காற்று வந்தால் விரிப்புகள் மூச்சு விட்டன.

"உது என்ன, மூக்குப்பொடிப் பெட்டியே?" என்றார் மச்சாள்.

"கஞ்சா மச்சாள். டொக்டர் தந்த குளிசை செய்யாததை இது செய்யுமாம்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியுமே?"

"இல்லை."

"அப்ப நல்லது. தாரும்."

"புகை இல்லை. ஆவி பிடிக்கிற மாதிரித்தான்."

"அப்ப போர்வை எங்க?" என்று கேட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓங்கலாகி, பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வைத்தியம் அப்படித்தான் தொடங்கியது, மடியில் வாளியோடு.

முதல் தடவை ஒன்றும் வரவில்லை. அவர் இளநீரை உறிஞ்சுவதுபோல் பலமாய் இழுத்தார். காற்று அள்ளிக்கொண்டு உள்ளே போய் வலையைக் குளிர வைத்துவிட்டது. இரண்டாம் தடவை நான் பயந்து பயந்து பற்றரியைப் பிடித்திருந்தேன், அவர் இழுக்க மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்புக் கண் திறந்தது. தட்டிவிட்டேன். பெட்டி புல்லில் விழுந்து புகைந்தது. மச்சாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரிப்புகளுக்கு வெளியே ஓடினார். நோயாளி ஓடின ஓட்டத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. சிரிக்கக்கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பு, அதை அடக்கவே முடியாது.

"கொல்லப் பாக்கிறீர் என்ன" என்றார் வெளியிலிருந்து. "வீட்டுப் பத்திரம் தம்பியின்ர பேரில. நான் செத்தா உமக்கு ஒண்டும் வராது."

"வாங்கோ. திரும்பச் செய்வம்."

"இரும். மூச்சு வரட்டும்."

பிறகு நானே தனியாக, அவர் பார்த்திருக்க, இலை இல்லாமல் வெறும் வலையைச் சூடாக்கிப் பழகினேன். எப்போது சூடு, எப்போது சிவப்பு. அந்த இடைவெளியை அளக்க ஒரு அளவு வேண்டியிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தால் இலையைப் பார்க்க முடியாது. வாயால் சொல்கிற அளவாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது நான் ரெயினில் கேட்கிற ஸ்டேசன் பேர்கள்தான் வந்தன. பற்றரியைத் தள்ளியதும் ஹோம்ஸ்கிளென். இழுக்கத் தொடங்க ஜோர்டன்வில். மவுண்ட் வேவர்லியில் ஆவி வரும். சின்டாலில் பற்றரியை எடுத்துவிட வேண்டும், இழுப்பதை மட்டும் நிறுத்தக்கூடாது. கடைசி ஸ்டேசன் கிளென் வேவர்லிவரை போனால் ரெயின் எரியும்.

"சூட்டுத் தேத்தண்ணி உறிஞ்சிற மாதிரி இழுங்கோ. ஆறுதலா. விழுங்க அவசரப்படாமல்."

"ம்."

"ஹோம்ஸ்கிளென்."

விரிப்பு அசைந்தது. அவருடைய உதடுகள் குழாயில் குவிந்தன. ஜோர்டன்வில், மவுண்ட் வேவர்லி. கண்ணாடிக்குக் கீழே இலை பச்சையிலிருந்து மெல்ல மஞ்சளுக்கு மாறியது. சின்டால். எடுத்தேன். அவர் மூச்சை விட்டபோது குளிர்காலக் காலையில் வாயிலிருந்து வருகிற மாதிரி ஒரு வெண்மை, இருந்ததோ இல்லையோ என்று சந்தேகப்படும்படி, வந்து போனது. இருமல் இல்லை. நீல பம்ப் மடியில் சும்மா கிடந்தது. பிறகுதான் அந்த வாசம் வந்தது, சோளப்பொரி.

அப்படியே சில தடவை. அவர் விரிப்பின் விளிம்பில் போட்டிருந்த தையலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வளவில் யாரோ தண்ணீர் திறந்து மூடினார்கள்.

"மத்தியானச் சோறு மிச்சம் கிடக்கோ?" என்றார்.

நான் எழும்பவில்லை. எழும்பினால் அந்தக் கேள்வி கலைந்துபோய்விடும் போலிருந்தது.

"கிடக்கு. பருப்பும் கத்தரிக்காயும்."

"சம்பல்?"

"வயித்துக்கு வேண்டாம் மச்சாள்."

"நீர் டொக்டரே? கொண்டாரும்."

குசினிக்குள் போனேன். கோப்பையில் சோறு போட்டேன். கொஞ்சமாகத்தான் போட்டேன், கூடப் போட்டால் கண்ணே மறுத்துவிடும் என்று. அவர் கையால் குழைத்தார். குழைக்கிற அந்த அசைவை நான் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை. கட்டைவிரல் சோற்றை முன்னுக்குத் தள்ள, வாய் அதை வாங்கியது. ஒரு வாய், இன்னொரு வாய். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்றார். அந்த வசையைப்போல் இனிப்பான சொல்லை நான் அந்த வருடம் கேட்கவில்லை. கோப்பையை வழித்து விரலை நக்கிவிட்டு, வாளியைப் பார்த்தார். நானும் வாளியைப் பார்த்தேன். காத்திருந்தோம். நிழல் கொடிக் கம்பத்தைச் சுற்றி நகர்ந்தது. ஒன்றும் வரவில்லை.

அதன்பின் நான் வேலைக்குப் போகாத நாட்களில் எல்லாம் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. போத்தல் வெறுமையானால் எதிர் மேசைக்காரி நிரப்பித் தந்தாள். எங்கள் வீட்டைப்போல் சுத்தமான படுக்கைகள் அந்தத் தெருவில் வேறு எங்கும் இருந்திருக்காது. நிறை இறங்குவது நின்றது. பிறகு ஒரு துளி ஏறியது.

இந்த இடத்தில்தான் மச்சாள் தன் கைவேலையைக் காட்டினார்.

ஒருநாள் நான் வேலை விட்டு வரும்போது வீட்டு முன்கதவு திறந்து கிடந்தது. கூரையில் இருந்த புகை அலாரம் கத்திக்கொண்டிருந்தது. குசினியில் தாச்சி அடுப்பில், அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. வாசம் என்று சொல்ல முடியாத ஒன்று எல்லா இடத்திலும். பின்படியில் மச்சாள் முழங்காலைப் பிடித்தபடி குந்தியிருந்தார். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. கையில் நீல பம்ப். கண்கள் மட்டும் என்னை முறைத்தன, பேசாதே என்று.

பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். அம்புலன்ஸ் கூப்பிடவா என்று ஃபோனைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். இன்னொரு தடவை பம்ப். இன்னொரு தடவை. விசில் மெல்லத் தாழ்ந்து, கீச்சாகி, அடங்கியது.

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. வழக்கம்போல."

"தாச்சி ஏன் அடுப்பில?"

அவர் பம்பின் மூடியைப் போட்டு மூடினார்.

"வறுத்தனீங்களே?"

"பின்ன? பச்சையா ஆர் போடுவினம்? வறுக்காத சாமான் வயித்துக்குச் செமிக்காது. மல்லியை வறுக்கிறம், சீரகத்தை வறுக்கிறம், கோப்பியை வறுக்கிறம். உதை மட்டும் பச்சையா விடச் சொல்லி ஆர் சொன்னது?"

"அரைச்சதும் நீங்களோ?"

"தூள் அரைக்கிற மெசின்லதான். நல்லாக் கழுவினாப் பிறகு. மா மாதிரி வந்தது" என்றார். அந்த மூச்சுத் திணறலுக்குள்ளும் அந்தப் பெருமை.

யாழ்ப்பாணத்துச் சமையல்காரி ஒருத்தியால் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எதையும் வறுத்து அரைத்தால்தான் குணம் வரும் என்பது அவருடைய வேதம். வறுத்ததில் இலையின் ஈரம் முழுக்கப் போய்விட்டது. மாவாக அரைத்ததில் அது வலையின் கண்களுக்குள்ளால் இறங்கிச் சூட்டுக் கம்பியிலேயே படிந்துவிட்டது. போதாததற்குப் பள்ளத்தை நிரப்பி, புட்டுக்குழலை அடைப்பதுபோல் விரலால் அமத்தியிருந்தார். காற்று நுழைய வழி இல்லை. பற்றரியைத் தொட்டதும் கரிந்தது. முதல் ஸ்டேசனுக்குக்கூட ரெயின் வந்து சேரவில்லை. இதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் இவர் நின்றார். வேலை உடுப்போடு, கையில் கார்த் திறப்போடு. எப்போது வந்தார் என்று தெரியாது. மரப்பெட்டி படியில் கிடந்தது.

"என்ன மணம் உது?"

நான் வாயைத் திறக்கமுன் மச்சாள் சொன்னார், "கஞ்சா."

இவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

"நீரோ கொண்டந்தது?"

"ஓம். நான்தான்."

"விசரே உமக்கு? பொலிஸ் வந்தா? கோயில் நிர்வாகத்தில நான் இருக்கிறன். நாளைக்கு ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? எங்கட குடும்பத்தில ஆராவது..."

"தம்பி" என்றார் மச்சாள். படியில் இருந்து எழும்பவில்லை. எழும்பத் தெம்பில்லை. குரல் மட்டும் எழும்பியது. "சனிக்கிழமைப் பார்ட்டியில நீங்கள் சுத்திவர இருந்து விஸ்கி குடிக்கேக்க எந்தச் சாமி வந்து கையெழுத்து வச்சது?"

"அது சட்டப்படி விக்கிறது அக்கா."

"அப்ப சட்டப்படி நான் பட்டினி கிடந்து சாகிறன். உனக்குச் சரியோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"இப்ப நெஞ்சு அடைச்சது புகையால. பிழை என்ர. வறுத்தது நான். அவ சரியாச் செய்து தந்த நாளெல்லாம் நான் சாப்பிட்டனான். போய்ப் பானையைப் பார். போன கிழமை நீ 'அக்கா இடியப்பம் சாப்பிட்டவ' எண்டு ஃபோனில எல்லாருக்கும் சொன்னனி எல்லே? எப்பிடிச் சாப்பிட்டனான் எண்டு நினைச்சாய்? உன்ர அர்ச்சனையாலயோ?"

இவர் உள்ளே போனார். அலாரத்தைக் கதிரையில் ஏறி நிறுத்தினார். யன்னல்களைத் திறந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு மச்சாள் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து ஓடினார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம். இவர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவர் சம்மதித்தார் என்று நான் சொல்லமாட்டேன். இன்றுவரை சம்மதிக்கவில்லை. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் நான் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, கராஜுக்குள் புல் வெட்டுகிற மெசினை இழுக்கிற சத்தம் கேட்டது. பெற்றோல் மெசின். பழையது. தெருவுக்கே கேட்கும், தெருவுக்கே மணக்கும். இவர் அதை வேலிக்கரையோரமாக இழுத்துக்கொண்டு போனார், வந்தார், திரும்பப் போனார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. விரிப்புகளுக்குள் மச்சாள் குழாயை வாயில் வைத்தபடி கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். வாயில் குழாய் இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

அதிலிருந்து விரிப்பு காய்கிற நேரமெல்லாம் எங்கள் வளவில் புல் வெட்டப்பட்டது. குளிர் காலத்தில் மெல்பேர்ணில் புல் வளராது. வளராத புல்லை இவர் வெட்டினார். மழைத் தூறலில் வெட்டினார். மண் தெரியும்வரை வெட்டினார். பின்வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கோயிலிலிருந்து ஒரு அன்ரி வந்திருந்தபோது மூக்கைச் சுளித்தார். "என்ன பிள்ளையள், சோளம் பொரிச்சனீங்களோ?"

"ஓம் அன்ரி" என்றார் மச்சாள், தன்னைவிட ஒன்றிரண்டு வயது மட்டுமே மூத்தவரை வேண்டுமென்றே அன்ரி என்று அழைத்து. "முடிஞ்சுது. முந்தி வந்திருந்தா உங்களுக்கும் தந்திருப்பம்."

வறுப்பதை அவர் விட்டார். ஆனால் சும்மா விடவில்லை. நான் இலையை விரலால் பிய்த்துப் போடுகிறபோதெல்லாம் பக்கத்தில் இருந்து கண்காணித்தார். "அவ்வளவு சின்னனா வேண்டாம். கீரை ஆயிற மாதிரிப் பிய்யும். அமத்தாதேயும், காத்துப் போகட்டும். அடியில கிடக்கிற கரியைத் தட்டினனீரே? பழைய கரிதான் முதல்ல பத்தும்." பிரஷ்ஷால் வலையைத் தட்டிச் சுத்தம் செய்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அடுப்படிப் புத்தி. ஒரு பிழைதான், அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கும் அவர் ராணி. மஞ்சளானதும் நிறுத்த வேண்டும், மண்ணிறம் ஆனால் அதற்குள் இனி ஒன்றுமில்லை, அதற்கு மேல் ஆசைப்பட்டால் நெருப்புத்தான். ஆசையை எங்கே நிறுத்துவது என்று அந்தக் கண்ணாடி மூடிக்குக் கீழே தெளிவாகத் தெரியும். மற்ற எந்த இடத்திலும் எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் நிறை பார்க்கிற மெசினில் ஏறும்போது மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார். ஏறியிருந்தது. டொக்டர் இரண்டாம் தடவை ஏறச் சொல்லிப் பார்த்தார். அதேதான். மருந்தைத் தொடரலாம் என்றார். சாப்பாடு எப்படி உள்ளே போகிறது என்று கேட்டார். நான் குளிசை என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் முந்திவிட்டார். அவருடைய ஆங்கிலம் குறைவு, ஆனால் தெளிவு.

"லீஃப், டொக்டர்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். கார்கள் நிறுத்தியிருக்கிற இடம்தான் தெரிந்தது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், உங்கள் நுரையீரலுக்குப் புகை கூடாது என்று.

"நோ ஸ்மோக்" என்றார் மச்சாள், அவமானப்படுத்தப்பட்டவர்போல் நிமிர்ந்து. "ஒன்லி ஹீட்."

டொக்டர் அதை எழுதவில்லை. எங்களைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார், அதற்கு என்ன அர்த்தமும் கொள்ளலாம். லிப்டுக்குள் வந்ததும் நான் மச்சாளை ஏசினேன். டொக்டர் பொலிசுக்குச் சொன்னால் என்ன செய்வது என்றேன்.

"டொக்டருக்குப் பொய் சொல்லி மருந்து ஏத்தினா மருந்து வேலை செய்யாது" என்றார். "பொலிசுக்கு வேணுமெண்டா நீர் பொய் சொல்லும்."

மருந்து முழுவதும் ஏற்றி முடித்தார்கள். வசந்தம் வந்தது. புல் உண்மையாகவே வளரத் தொடங்கியது, இவர் வெட்டுவதை நிறுத்தினார். மருந்து நின்ற பிறகு ஓங்கல் தானாகக் குறைந்தது. ஒருநாள் நான் பெட்டியை எடுத்தபோது வேண்டாம் என்றார், எனக்கு இப்போ சும்மாவே பசிக்குது என்று. வலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவி, குழாயைத் துடைத்து, அதே சாப்பாட்டுப் பையில் போட்டு மல்கிரேவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர் மேசைக்காரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கிய நாளில்கூட இவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை என்றாள். அது மச்சாளின் வேலை, நான் தொடவில்லை என்றேன்.

பென்டில் ஹில்லில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். மச்சாள் சிட்னிக்கு வெளிக்கிட்டார், மகளோடு இருந்துவிடப் போவதாய்ச் சொல்லி. வருத்தம் முழுக்கப் போகவில்லை என்று டொக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். அவரும் மறைக்கவில்லை. நேரம் கிடைத்திருக்கிறது, அதைப் பிள்ளையோடு செலவழிக்கப் போகிறேன் என்றார். அந்த நேரம் ஒரு வருடத்தைத் தாண்டியது. பேத்தி நடந்ததையும் அவர் பார்த்தார், தன் கையால் அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டினார் என்று மகள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் இல்லை. அந்த ஒரு வருடத்தைச் சட்டத்திடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் நான் கொடுக்கமாட்டேன். கோயிலிடமும் கொடுக்கமாட்டேன். முழங்காலில் நிற்க வைத்துக் கேட்டாலும்.

அவர் சிட்னிக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்கு நானும் இவரும்தான் வழியனுப்பப் போனோம். இவர் பெட்டிகளைத் தூக்கினார். மச்சாள் புதுச் சட்டை போட்டிருந்தார், அளவான சட்டை, எதுவும் தொங்கவில்லை. கைப்பையில் வடையும் மிக்சரும் கட்டி வைத்திருந்தது வாசத்திலேயே தெரிந்தது. விமானத்தில் தருகிற சாப்பாட்டில் நம்பிக்கை இல்லை என்றார். மகளுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது, தூள் நான்தான் வறுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, நீர் அடுப்பைக் கூட்டி வைக்கிறீர், குறைத்துப் பழகும் என்றார். நான் ஓம் என்றேன். அவரைக் கட்டிக்கொண்டபோது என் கைக்குள் ஒரு முழு மனுசி இருந்தார், எலும்பு மட்டும் இல்லை.

பாதுகாப்பு வரிசையில் போய் நின்றார். பெல்ட்டில் கைப்பையை வைத்துவிட்டு, பின்னால் நிற்கிறவர்களைக் காக்க வைத்து, திரும்பிப் பார்த்தார்.

இவர் கையை வாய்க்குக் குவித்துக் கூப்பிட்டார். "அக்கா, போய்ச் சேந்த உடன ஃபோன் அடியுங்கோ."

"உடன அடிக்கமாட்டன்" என்றார் மச்சாள். "சாப்பிட்டிட்டுத்தான் அடிப்பன்."